வானத்துல பேனர் கட்டினா யார் தலையிலயும் விழாதா? - ஹெலிகாப்டர் கொடிகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் சித்தி பையன் போன ஆடி மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து, கவரைப்பேட்டை பக்கம் ஜி.என்.டி ரோட்டில் பைக்கில் வந்திருக்கிறான். ஆடிக் காற்று. ஓரமாகக் கட்டியிருந்த ஒரு ஃப்ளெக்ஸ் பாதியாகக் கிழிந்து, பறந்து வந்து ஹெல்மெட்டில் சுற்றிக்கொண்டது. சில நொடிகள் கண்ணே தெரியவில்லை. பின்னால் கன்டெய்னர் லாரி எதுவும் வரவில்லை என்பதால் பிழைத்தான்.

வீடு வந்து சேர்ந்த பிறகு, கை நடுக்கம் நின்றதும் அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

"அக்கா, எதுக்கு இதை ரோட்டுல கட்டணும்? வெளிநாட்டுல எல்லாம் ஹெலிகாப்டர்ல கட்டிப் பறக்கவிடுறாங்களே... வானத்துல கட்டினா யார் தலையிலயும் விழாதுல்ல?"

விளையாட்டாகக் கேட்டதுபோல இருந்தாலும் நியாயமான கேள்வி. நீங்களும் ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். கடற்கரைக்கு மேலே ஒரு குட்டி விமானம் 'வில் யூ மேரி மீ' என்று எழுதிய துணியை இழுத்துக்கொண்டு போகும். ஸ்டேடியத்துக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர், வீடு சைஸுக்கு ஒரு கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிதானமாக ஊர்ந்து போகும். அந்தக் கொடி ஏன் சுருண்டுகொள்ளவில்லை? ஏன் மேலே பறந்து இறக்கையில் சிக்கவில்லை? அறுந்தால் என்ன ஆகும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாம் ஏற்கெனவே பார்த்ததுதான்

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டு சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஜனவரி 26 அன்றும் டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் இதுதான் நடக்கிறது. நான்கு எம்.ஐ-17 ஹெலிகாப்டர்கள் வரும். முதலில் வருவதில் தேசியக் கொடி. பின்னால் வருபவற்றில் ராணுவம், கடற்படை, விமானப்படைக் கொடிகள். இதற்கு 'த்வஜ் ஃபார்மேஷன்' என்று பெயர். த்வஜ் என்றால் கொடி. நம் கோயில்களில் சொல்லும் துவஜஸ்தம்பத்தில் இருக்கும் அதே துவஜம்தான்.

தமிழர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரில் இது இன்னும் உணர்ச்சிபூர்வமான விஷயம். ஆகஸ்ட் 9 தேசிய தின விழாவில் ஒரு சினூக் ஹெலிகாப்டர் நாட்டுக்கொடியைத் தொங்கவிட்டபடி வரும். அதற்குத் துணையாக இரு பக்கமும் அப்பாச்சி ஹெலிகாப்டர்கள். கொடி கடந்துபோகும்போது கீழே தேசிய கீதம் பாடுவார்கள். 2020-ல் கொரோனாவால் வழக்கம்போலக் கூட்டம் கூட முடியாதபோது, அந்தக் கொடி குடியிருப்புப் பகுதிகளுக்கு மேலேயே பறந்து வந்தது. மக்கள் பால்கனியில் நின்று பார்த்தார்கள்.

சென்னையைப் பொறுத்தவரை வானத்தை அண்ணாந்து பார்க்கவைத்த பெரிய நாள், 2024 அக்டோபர் 6. விமானப்படையின் 92-வது ஆண்டு விழாவுக்காக மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சி. கடல் பக்கம் வானம் முழுக்க விமானங்கள். கரை முழுக்க லட்சக்கணக்கில் மக்கள். அன்று வானத்தில் ஒரு பிழையும் நடக்கவில்லை. ஆனால், கரையில் வெயிலாலும் நெரிசலாலும் பலர் மயங்கி விழுந்தார்கள். 5 பேர் உயிரிழந்தார்கள். மேலே பறப்பதைத் திட்டமிடும் அளவுக்கு, அண்ணாந்து பார்க்கிறவர்களையும் திட்டமிட வேண்டும் என்று அந்த நாள் சொல்லிவிட்டுப் போனது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

விமானம் வேற, ஹெலிகாப்டர் வேற

வான் விளம்பரத்துக்கு வயது நூறுக்கு மேல். 1922-ல் இங்கிலாந்தில், எப்ஸம் குதிரைப் பந்தயத்துக்குக் கூடியிருந்தவர்களின் தலைக்கு மேலே ஒரு விமானம் புகையால் 'டெய்லி மெயில்' என்று பத்திரிகையின் பெயரை எழுதியது. 1925-ல் குட்இயர் டயர் கம்பெனி தன் ஆகாயக் கப்பலைப் பறக்கவிட்டது. நம் பங்குக்கு 2016-ல் 'கபாலி' வந்தபோது, ஒரு ஏர்ஏஷியா விமானத்தின் உடம்பிலேயே ரஜினியை வரைந்து பறக்கவிட்டார்கள். ஃப்ளெக்ஸுக்குப் பாலாபிஷேகம் செய்த ரசிகர்கள், விமானத்துக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

பேனரை இழுத்துக்கொண்டு பறப்பதில் இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகை, சிறு விமானம். சுமார் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள தனித்தனி எழுத்துகளைக் கோத்து, நீளமான ஒரு வால்போல இழுத்துக்கொண்டு போகும். இதில் வேடிக்கையே அது பேனரை 'பிடிக்கிற' விதம்தான். விமானம் பேனரோடு ஓடுபாதையில் ஓடிக் கிளம்புவதில்லை. தரையில் இரண்டு கம்பங்களை நட்டு, அவற்றுக்கு இடையே கயிற்றுக் கண்ணி மாட்டியிருப்பார்கள். பேனர் தரையில் விரித்துக் கிடக்கும். விமானம் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும். அது தாழ்வாக வந்து, தன் வாலில் தொங்கும் கொக்கியால் அந்தக் கண்ணியைக் கவ்வி, சட்டென்று மூக்கைத் தூக்கி மேலே ஏறும். வீட்டுக் கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பார்கள் இல்லையா... அதையே ஓடிக்கொண்டே செய்வதுபோல. தரையிலிருந்து துணி உருவிக்கொண்டு எழும் அந்தச் சில நொடிகள்தான் பைலட்டுக்குக் கண்டம். வேகம் குறைந்தால் இறக்கை தூக்கு விசையை இழந்துவிடும். அந்த உயரத்தில் சுதாரிக்க இடம் கிடையாது.

இரண்டாவது வகை, ஹெலிகாப்டர். இதற்குக் கண்ணியெல்லாம் வேண்டாம். அந்தரத்தில் அப்படியே நிற்கும். கீழே இருப்பவர்கள் வயிற்றுப் பகுதியில் உள்ள சரக்குக் கொக்கியில் கயிற்றை மாட்டுவார்கள். ஹெலிகாப்டர் நேராக மேலே ஏற ஏற, மடித்து வைத்த கொடி ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து எழும்.

ஒரு சின்னத் தகவல்: அந்தரத்தில் சுற்றும் விசிறிகளால் ஹெலிகாப்டரின் உடம்பில் நிலை மின்னூட்டம் சேரும். வெறும் கையால் கொக்கியைத் தொட்டால் நல்ல ஷாக் அடிக்கும். அதனால், தரையோடு இணைத்த ஒரு கம்பியால் முதலில் கொக்கியைத் தொட்டு மின்னூட்டத்தை இறக்கிவிட்டுத்தான் மாட்டுவார்கள்.

ஹெலிகாப்டரின் பிளஸ் பாயின்ட், மெதுவாகப் போக முடிவது. கொடியும் படுத்துக்கொள்ளாமல் நிமிர்ந்து நிற்கும். மைனஸ் பாயின்ட், செலவு. பேனர் இழுக்கும் ஒரு சிறு விமானத்தோடு ஒப்பிட்டால், நான்கு பேர் உட்காரும் சின்ன ஹெலிகாப்டரே மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எரிபொருள் குடிக்கும்.

கொடி ஏன் நேராக நிற்கிறது?

இதுதான் மெயின் மேட்டர். அடுத்த முறை குடியரசு தின வீடியோ பார்க்கும்போது கொடியை விட்டுவிட்டு, கயிற்றின் அடி நுனியைப் பாருங்கள். அங்கே ஓர் எடை தொங்கும். மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது.

ஹெலிகாப்டரிலிருந்து ஒரு கயிறு நேராகத் தொங்குகிறது. கயிற்றின் அடியில் எடைக்கல். கொடியின் ஒரு ஓரம் மட்டும் கயிற்றோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். மற்ற ஓரம் சும்மா விடப்பட்டிருக்கும். ஹெலிகாப்டர் முன்னால் போகும்போது, எதிர்க்காற்று கொடியைப் பின்பக்கமாக விரிக்கும். அதாவது, அந்தக் கயிறுதான் கொடிக்கம்பம். கம்பத்தைத் தரையில் நடுவதற்குப் பதிலாக, மேலே பிடித்து, கீழே எடை போட்டு விறைப்பாக வைத்திருக்கிறார்கள். கட்டடம் கட்டும் கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டு ஞாபகம் வருகிறதா? அதேதான்.

சரி, எவ்வளவு எடை வேண்டும்? ஒரு குட்டிக் கணக்கு போடுவோம்.

12 மீட்டர் நீளம், 8 மீட்டர் உயரம் உள்ள ஒரு கொடி. நம் தேசியக் கொடியின் 3:2 அளவுதான். மொத்தம் 96 சதுர மீட்டர். மெல்லிய பாலியஸ்டரில் தைத்தால் துணியின் எடை சுமார் 10 கிலோ. அவ்வளவுதான். விமானப்படையின் எம்.ஐ-17வி5 ஹெலிகாப்டர் 4,500 கிலோ வரை தொங்கவிட்டுத் தூக்கக்கூடியது. அதற்கு இதெல்லாம் தோளில் போட்ட துண்டு மாதிரி.

ஆனால், பிரச்னை எடை இல்லை, காற்று. மணிக்கு 50 கி.மீ வேகத்தில் போகும்போது, அந்தக் கொடி பின்னால் இழுக்கும் விசை தோராயமாக 115 கிலோ. கயிற்றின் அடியில் 230 கிலோ எடை போட்டால், கயிறு செங்குத்திலிருந்து 27 டிகிரி அளவுக்குப் பின்னால் சாயும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும்.

இப்போது பைலட் கொஞ்சம் அவசரப்பட்டு வேகத்தை 100 கி.மீ ஆக்குகிறார் என்று வையுங்கள். வேகம் இரண்டு மடங்கு. காற்றின் இழுவை? இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 460 கிலோ. எடைக்கல் அதே 230 கிலோதான். கயிறு 63 டிகிரி சாய்ந்துவிடும். கொடி கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு, ஹெலிகாப்டரின் வாலை நோக்கி எழும். வாலில் என்ன இருக்கிறது? சின்ன விசிறி. அதில் ஒரு கயிறு சிக்கினால், ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்துவிடும்.

எடை குறைவான பொருளைத் தொங்கவிட்டுக்கொண்டு வேகமாகப் பறப்பதுதான், எடை அதிகமான பொருளைத் தூக்குவதைவிட ஆபத்து. கேட்க விநோதமாக இருக்கிறதல்லவா? ஆனால், ஹெலிகாப்டரில் கயிறு கட்டித் தூக்குகிறவர்கள் முதலில் படிக்கிற பாடம் இதுதான். அதனால்தான் கொடி கட்டிய ஹெலிகாப்டர் எப்போதும் ஊர்வலத்தில் வரும் தேர் மாதிரி மெதுவாகவே வருகிறது.

இன்னொன்று, மேலே சுற்றும் பெரிய விசிறி காற்றைக் கீழே தள்ளும். கொடி அதற்கு மிக அருகில் இருந்தால் படபடவென்று அடித்துக் கிழிந்துவிடும். அதனால் கயிற்றை நீளமாக விட்டு, கொடியைத் தள்ளித் தொங்கவிடுவார்கள். முன்னோக்கி நகரும்போது அந்தக் காற்றும் பின்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும்.

சிக்கினால் என்ன செய்வார்கள்?

விட்டுவிடுவார்கள்!

ஆமாம். சரக்குக் கொக்கியைத் திறக்க பைலட் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பட்டன் இருக்கும். மின்சாரம் வேலை செய்யவில்லை என்றால் கையால் இழுத்துத் திறக்க தனியாக ஒரு ஏற்பாடும் இருக்கும். இன்ஜின் சொதப்பினாலோ, கொடி வாலை நோக்கி எழுந்தாலோ யோசிக்கவே கூடாது. கொடி, எடைக்கல், கயிறு எல்லாவற்றையும் அப்படியே கழற்றிவிட்டு, உயிரோடு தரை இறங்க வேண்டும். பேனர் விமானங்களுக்கும் இதே விதிதான்.

அப்படியென்றால் அந்த 230 கிலோ எங்கே விழும்?

தம்பி கேட்ட 'யார் தலையிலயும் விழாதுல்ல?' என்ற கேள்விக்கு பதில் இங்கே இருக்கிறது. விழும். வானத்தில் கட்டினாலும் விழும். ஆனால், விழுந்தால் யார் தலையிலும் விழாத இடமாகப் பார்த்துத்தான் பறக்கும் பாதையையே போடுவார்கள். உலகம் முழுக்க பேனர் விமானங்கள் ஏன் கடற்கரையிலேயே சுற்றுகின்றன என்று இப்போது புரிகிறதா? கூட்டம் கரையில் இருக்கும். பேனர் கடலுக்கு மேலே போகும். அறுந்தால் தண்ணீரில் விழும். மெரினாவில் விமானங்கள் கடல் பக்கம் பறந்ததற்கும் இது ஒரு காரணம்.

கும்மிடிப்பூண்டி வானத்தில் பறக்கவிட முடியுமா?

நம்ம ஏரியாவுக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மீஞ்சூர், பொன்னேரி தாண்டும்போது வெளியே பார்த்திருக்கிறீர்களா? வானம் காலியாகத்தான் தெரியும். ஆனால், ஒரு பைலட்டின் கண்ணால் பார்த்தால் அது பீக் ஹவரில் கோயம்பேடு மாதிரி.

வடக்கே ஆந்திர எல்லை தாண்டியதும் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுதளம் இருக்கும் இடம் என்பதால், அதைச் சுற்றியுள்ள வான்பரப்புக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. மேற்கே, திருவள்ளூர் மாவட்ட எல்லையை ஒட்டி அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ் ராஜாளி விமானதளம். 1992-லிருந்து இயங்குகிறது. ஆவடியில் விமானப்படை நிலையம். தெற்கே சென்னை விமான நிலையத்துக்கு வந்துபோகும் விமானங்கள்.

கிழக்கே கடல் இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. கூடவே பழவேற்காடு ஏரியும் இருக்கிறது. சீசனில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வந்து இறங்கும் பறவைகள் சரணாலயம். தாழ்வாக, மெதுவாக, பெரும் சத்தத்தோடு ஒரு ஹெலிகாப்டர் போனால், மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் மொத்தமாகக் கிளம்பும். அது பறவைக்கும் கஷ்டம், ஹெலிகாப்டருக்கும் கண்டம்.

இனி தரையைப் பாருங்கள். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள். வானத்தை முட்டும் புகைபோக்கிகள். அங்கிருந்து நாலா பக்கமும் கிளம்பும் உயர் அழுத்த மின்பாதைகள். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள். 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே ஓடும் ரயில்கள். அப்புறம் சிப்காட் ஷெட்டுகள். உள்ளே மூன்று ஷிஃப்ட்டும் ஆட்கள். ஹெலிகாப்டருக்குக் கீழே பல மீட்டர் நீளத்துக்குக் கயிறும் கொடியும் தொங்கும்போது, பைலட் தன் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. எடைக்கல்லின் உயரத்தையும் பார்க்க வேண்டும். 'இங்கே கழற்றிவிட்டால் எங்கே விழும்?' என்று ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கொண்டே பறந்தால், இந்த ஏரியாவில் பதில் கிடைக்காத இடங்கள்தான் அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வான் விளம்பரம் என்பது தடை செய்யப்பட்ட ஒன்று அல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 'ஏரியல் வொர்க்' என்று ஒரு வகையை வைத்திருக்கிறது. விவசாய மருந்து தெளிப்பது, வானிலிருந்து படம் எடுப்பது, தேடுதல் - மீட்பு ஆகியவற்றோடு வான் விளம்பரமும் அதே பட்டியலில்தான் வருகிறது. இந்தியாவில் இதையெல்லாம் கவனிப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 1934-ம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 ஜனவரி 1 முதல் 'பாரதீய வாயுயான் அதினியம்' என்ற புதுச் சட்டம் அமலில் இருக்கிறது.

விமானத்திலிருந்து எதையும் கீழே போடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. 2020 மே 3-ம் தேதி, கொரோனா பணியாளர்களுக்கு நன்றி சொல்ல மருத்துவமனைகள் மீது விமானப்படை மலர் தூவியதோ, 2023 ஜனவரியில் பழனி கோயில் குடமுழுக்கில் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவியதோ, எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டு நடந்தவைதான். கல்யாணத்துக்கு வாடகை ஹெலிகாப்டர் பேசும்போது, 'அப்படியே ரெண்டு கூடை பூவும் கொட்டிருங்க' என்று பைலட்டிடம் சொல்லிவிட முடியாது.

தேசியக் கொடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். கொடியில் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது. விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. தரையில் படவோ, தண்ணீரில் இழுபடவோ கூடாது. 2021 டிசம்பரில் செய்த திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டர் கொடிக்கு அனுமதி உண்டு. ஆனால், சுதந்திர தினத்துக்கு மூவர்ணக் கொடியை ஏற்றி, கீழே கம்பெனி பேரைப் போட்டுப் பறக்கவிடலாம் என்று உங்கள் ஏரியா மார்க்கெட்டிங் புலி யாராவது ஐடியா கொடுத்தால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். தேசியக் கொடியை அவமதித்தால் 3 ஆண்டுகள் வரை சிறை.

மேலே எழுதுவதை யார் கேட்பது?

2019 கிரிக்கெட் உலகக் கோப்பை ஞாபகம் இருக்கிறதா? ஜூலை 6, லீட்ஸ் மைதானம். இந்தியா - இலங்கை மேட்ச். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, காஷ்மீர் பற்றிய அரசியல் வாசகங்களோடு ஒரு சிறு விமானம் மைதானத்துக்கு மேலே வட்டமடித்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, அதே மைதானத்தில் பாகிஸ்தான் - ஆப்கானிஸ்தான் ஆட்டத்தின்போது பலுசிஸ்தான் பற்றிய வாசகம் பறந்தது. ஐ.சி.சி வருத்தம் தெரிவித்தது. அடுத்து ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த இந்தியா - நியூசிலாந்து அரையிறுதிக்கு, மைதானத்தின் வான்பரப்பை பறக்கத் தடைவிதிக்கப்பட்ட பகுதியாக்கினார்கள்.

போஸ்டரை கிழிக்கலாம். ஆப் விளம்பரத்தை ஸ்கிப் பண்ணலாம். தலைக்கு மேலே 25,000 பேர் பார்க்கப் பறக்கும் ஒரு வரியை, பறக்கும்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விளம்பரக்காரர்களுக்கு இது பிடிப்பதும், பாதுகாப்பு அதிகாரிகளுக்கு இது பிடிக்காததும் ஒரே காரணத்துக்காகத்தான்.

தமிழில் எழுதினால் தெரியுமா?

இது எனக்கே வந்த சந்தேகம். கணக்கு போட்டுப் பார்த்தேன். நல்ல பார்வை உள்ளவர் ஒன்றரை மீட்டர் உயர எழுத்தை சுமார் ஒரு கிலோ மீட்டர் தூரம் வரை தட்டுத்தடுமாறிப் படிக்கலாம். சிரமமில்லாமல் படிக்க வேண்டுமென்றால் 350 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆங்கில 'எல்', 'டி' மாதிரி சிம்பிளான எழுத்துகளுக்கு. நம்ம 'ணை', 'ஞூ' எல்லாம் அவ்வளவு தூரம் தாங்காது.

அதைவிடப் பெரிய சிக்கல், புள்ளி. ஒன்றரை மீட்டர் எழுத்துக்கு மேலே வைக்கும் புள்ளி 20 செ.மீ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 700 மீட்டரைத் தாண்டினால் அது கண்ணுக்கு மறைந்துவிடும். 'வாழ்த்துகள்' என்பதில் இருக்கிற மூன்று புள்ளியும் காணாமல் போய், 'வாழததுகள' என்று பறக்கும். மணிக்கு 90 கி.மீ வேகத்தில் போகும் விமானம், உங்கள் பார்வைக்கு எட்டும் 2 கி.மீ தூரத்தை 80 நொடியில் கடந்துவிடும். பட்டப்பெயர், பதவி, 'இவண்' என்று கீழே 40 பேர் ஃபோட்டோ... நம்ம ஊர் பேனர் இலக்கணத்துக்கு அந்த 80 நொடி பத்தவே பத்தாது. வானத்தில் எடுபடுவது ஒரு படம், ஒரு நிறம், அதிகபட்சம் இரண்டு சொல். அதனால்தான் ஹெலிகாப்டர்களில் வாசகத்தைவிடக் கொடியே அதிகம் பறக்கிறது. கொடியை யாரும் படிக்க வேண்டியதில்லை.

இனிமேல் இந்த இடத்தை ட்ரோன்கள் பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது. 2022 ஜனவரி 29, டெல்லி பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், ஐ.ஐ.டி டெல்லியில் உருவான 'பாட்லேப்' நிறுவனம் 1,000 ட்ரோன்களை வைத்து வானத்தில் படம் வரைந்து காட்டியது. கயிறு கிடையாது, எடைக்கல் கிடையாது. ஆனால், ட்ரோனுக்கும் விதி உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை என்றால் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையங்களைச் சுற்றி மஞ்சள். அங்கே அனுமதி வாங்க வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் நுழையவே முடியாது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ட்ரோன் கேமரா புக் பண்ணினால், 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் மண்டபம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ரோட்டோர ஃப்ளெக்ஸுக்கு வருவோம்

20-க்கு 10 அடி ஃப்ளெக்ஸ். நம்ம ஊரில் ரொம்ப சாதாரண சைஸ். மணிக்கு 60 கி.மீ வேகத்தில் ஒரு காற்று அதன் முகத்தில் அடித்தால், விழும் விசை 300 கிலோவுக்கு மேல். கொடியாக இருந்தால் காற்றோடு சேர்ந்து திரும்பிக்கொள்ளும். ஃப்ளெக்ஸ் திரும்பாது. மொத்தத்தையும் நெஞ்சில் வாங்கும். அதைத் தாங்கப்போவது என்ன? நாலு சவுக்குக் கட்டை, கொஞ்சம் கட்டுக்கம்பி.

2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணத்துக்காக சாலை நடுவே கட்டிய பேனர், ஸ்கூட்டரில் போன 23 வயது சாஃப்ட்வேர் இன்ஜினீயர் மேல் விழுந்தது. நிலைதடுமாறிக் கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். கட்சிகள் எல்லாம் 'இனி பேனர் வைக்க மாட்டோம்' என்றன. 2024 மே 13-ல் மும்பை காட்கோபரில் சாய்ந்த ராட்சத விளம்பரப் பலகை 17 பேரைக் கொன்றது. அனுமதிக்கப்பட்ட அளவு 40-க்கு 40 அடி. வைத்திருந்தது 120-க்கு 120 அடி. பரப்பளவில் 9 மடங்கு. காற்றின் அடியும் 9 மடங்கு.

வானத்தில் ஒரு துணியைக் கட்டுவதற்கு எத்தனை கேள்வி கேட்கிறார்கள் பாருங்கள். காற்று எவ்வளவு, எடை எவ்வளவு, கீழே யார் இருக்கிறார்கள், அறுந்தால் எங்கே விழும், யார் கையெழுத்துப் போட்டது? ரோட்டோரம் அதைவிட ஆபத்தான ஒன்றைக் கட்டும்போது, இதில் ஒரு கேள்வியைக்கூட நாம் கேட்பதில்லை. கேட்டால், 'ஒரு நாள் விசேஷம்தானே... நாளைக்குக் கழட்டிடுவோம்' என்பார்கள்.

தம்பிக்கு நான் அனுப்பிய பதிலைக் கேளுங்கள்: "வானத்துல கட்டுறதால சேஃப் இல்லடா. கட்டுறவன் கணக்கு போட்டுக் கட்டுறதால சேஃப்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஃபோட்டோ வந்தது. அவன் குடியிருக்கும் தெருமுனையில், அடுத்த வாரக் காதுகுத்துக்கு மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டிய ஒரு ஃப்ளெக்ஸ். கீழே ஒரு வரி: "இது யார் தலையில விழும்னு அவங்ககிட்ட கேட்டுட்டு வந்தேன்க்கா. காலையில இறக்கிடுறேன்னு சொல்லியிருக்காங்க."

மறுநாள் காலை மறக்காமல் கேட்டேன். இறக்கிவிட்டார்களாம்.

உங்கள் தெருமுனையில் எப்படி?